பன்னிரண்டு மாலுமிகளும் ஆறு மருந்துகளும்: சாலிஸ்பரி கப்பல், 1747

1747-இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஸ்கர்வி நோய்க்கு மருந்து தேடி ஒரு சோதனை நடந்தது. இந்த நிகழ்வில் நோயாளிகள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் என்ன கொடுத்தார், எத்தனை சொட்டு, எத்தனை கரண்டி, எத்தனை நாள் என்றெல்லாம் எழுதி வைத்தார். ஆனால் பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. அவர்கள் பிரிட்டிஷ் கடற்படையின் சாதாரண மாலுமிகள். வைத்தியர் பெயர் ஜேம்ஸ் லிண்ட். எடின்பரோவில் 1716-இல் பிறந்தவர். 1739-இல் கடற்படையில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தவர். நிகழ்வு தொடங்கியபோது அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பெரிய மருத்துவரும் அல்ல, அரச சபையில் செல்வாக்கு உள்ளவரும் அல்ல. ஒரு போர்க்கப்பலின் அறுவை வைத்தியர், அவ்வளவே.

நவீன அறிவியல் சிந்தனை எப்படி வந்தது என்று பேசும்போது நாம் பெரும்பாலும் தொலைநோக்கியையும் கோள்களையும் எடுத்துக்கொள்கிறோம். நான் வேண்டுமென்றே ஒரு கப்பலின் இருண்ட அடித்தளத்தை எடுத்துக்கொள்கிறேன். கோள்களைப் பற்றித் தவறாக நினைத்தால் கோள்களுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே தவறாக நினைத்ததற்கு ஆட்கள் செத்தார்கள்.

பின்னணி

ஸ்கர்வி நீண்ட கடல் பயணத்தின் நோய். புறப்பட்டு ஆறு, எட்டு வாரங்கள் ஆனதும் முதலில் சோர்வு வரும். முழங்கால் வலுவிழக்கும். தோலில் கருநீலப் புள்ளிகள் தோன்றும். ஈறு வீங்கி, அழுகி, பல்லின் மேல் படரும், வாய் நாறும். எப்போதோ ஆறிய காயங்கள் மறுபடி வாய் பிளக்கும், கூடிய எலும்பு விலகும். 1740-இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் போன கப்பல்களில் ஒரு முதிய மாலுமி இருந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் பட்ட காயம் அவருக்கு அந்தப் பயணத்தில், நேற்றுப் பட்டதுபோல் திறந்துகொண்டது. ஆன்சனோடு புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். அவர்களில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் மடிந்தார்கள், பெரும்பங்கு ஸ்கர்வியில். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்று காரணம் தெரியும். தசையையும் தோலையும் எலும்பையும் பிணைத்து வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உடல் உருவாக்க வைட்டமின் சி வேண்டும். பெரும்பாலான விலங்குகள் அதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன, மனிதனால் முடியாது. உணவில் வந்தால்தான் உண்டு. காய்ந்த பிஸ்கட்டும் உப்பிட்ட இறைச்சியும் தின்னும் மாலுமியின் உடலில் இருக்கும் சேமிப்பு இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும்.

மருந்து யாருக்குமே தெரியாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1498-இல் வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் ஆரஞ்சு தின்று தேறினார்கள். கோழிக்கோட்டிலிருந்து திரும்பும் வழியில், அரபிக் கடலைக் கடக்க மூன்று மாதம் இழுத்து முப்பது பேர் இறந்தபின், மலிந்தியில் கரை சேர்ந்ததும் அவர்கள் ஆரஞ்சு வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். 1601-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்தில் ஜேம்ஸ் லங்காஸ்டர் தன் கப்பல் ஆட்களுக்குத் தினமும் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். ஆப்பிரிக்காவின் தென்முனையை அடைந்தபோது, உடன் வந்த மற்றக் கப்பல்களின் ஆட்களுக்கு நங்கூரம் இறக்கக்கூடத் தெம்பில்லை. லங்காஸ்டரின் ஆட்கள் போய் உதவினார்கள். 1617-இல் ஜான் உட்டல் கப்பல் வைத்தியர்களுக்காக எழுதிய கையேட்டில் எலுமிச்சைச் சாற்றைப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் அதே கையேடு, எலுமிச்சை கிடைக்காவிட்டால் கந்தக அமிலத்தில் சில சொட்டு கொடுக்கலாம் என்றும் சொல்கிறது.

சிக்கல் இங்கேதான் இருந்தது. எலுமிச்சையைப் பரிந்துரைத்தவர்கள் இருந்தார்கள். வினிகரையும், கந்தக அமிலத்தையும், கடல்நீரையும், பூண்டையும் பரிந்துரைத்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் "இதனால் பிழைத்தேன்" என்று சொல்ல ஆள் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மதிப்புக்குரிய பெயர் இருந்தது. நல்ல சாட்சியையும் வெற்றுச் சாட்சியையும் பிரித்துப் பார்க்கும் வழிதான் இல்லை. கரை தொட்டதும் கீரை, காய், பழம் எல்லாம் கிடைத்து நோய் தானே ஓடிவிடும்; கரைக்கு முந்தின நாள் எதைக் குடித்திருந்தாலும் அதுவே மருந்தாகப் பெயர் வாங்கிக்கொள்ளும்.

இதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஒரு யோசனை வந்திருந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிளாண்டர்ஸைச் சேர்ந்த மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட், பழைய நூல்களை நம்பி இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த மருத்துவர்களுக்குச் சவால் விட்டார்: இருநூறோ ஐந்நூறோ காய்ச்சல்காரர்களை எடுத்துக்கொள்வோம், சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிப்போம், உங்கள் முறையில் நீங்கள் பாருங்கள், என் முறையில் நான் பார்க்கிறேன், கடைசியில் யார் பக்கம் எத்தனை சவம் என்று எண்ணுவோம். 1644-இல் அவர் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில் இது இருக்கிறது. சவாலை யாரும் ஏற்கவில்லை. 1660-இல் தொடங்கிய லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம், "யார் சொல்லையும் அப்படியே ஏற்காதே" என்ற பொருள்படும் லத்தீன் தொடரைத் தன் முத்திரை வாக்கியமாக வைத்தது. காற்றின் அழுத்தத்திலும் ஒளியிலும் அந்தக் கொள்கை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. நோயாளியின் படுக்கை வரை அது வந்து சேரவில்லை.

கப்பலில் கண்டது

சாலிஸ்பரி 50 பீரங்கி கொண்ட போர்க்கப்பல். 1746, 1747 ஆண்டுகளில் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் ரோந்து போனது. இது தொலைதூரப் பயணமும் அல்ல. இங்கிலாந்துக் கரை எட்டும் தூரத்தில்தான். ஆனாலும் கரை தொடாமல் பத்து வாரம், பதினொரு வாரம் என்று கடலில் இருந்தார்கள். அந்தப் பயணங்களில் ஒன்றின் முடிவில் 350 பேரில் 80 பேர் ஏதோ ஓர் அளவில் ஸ்கர்வியோடு பிளிமத் துறைமுகம் வந்தார்கள்.

லிண்டின் குறிப்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒரு செய்தி உண்டு. கப்பலின் தலைவர் இரக்க குணம் உள்ளவர். நோயாளிகளுக்குப் புதிய ஆட்டு இறைச்சி சூப்பும் கோழியும் தினமும் கிடைத்தன. தன் மேசையிலிருந்தே உணவு அனுப்பினார். உப்புக்கண்டம்தான் ஸ்கர்விக்குக் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. புதிய இறைச்சி கொடுத்தும் நோய் நிற்கவில்லை. மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் வருவதற்கு முன்பே, நம்பிக்கை ஒன்று பொய்யாவதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அதை மழுப்பாமல் எழுதியும் வைத்தார்.

காரணம் பற்றி அவருக்கென்று ஒரு கருத்தும் இருந்தது. கடலின் ஈரக் காற்று வியர்வைத் துளைகளை அடைத்துவிடுகிறது, வெளியேற வேண்டிய கழிவு உள்ளே தங்கி உடலை அழுகச் செய்கிறது என்று நினைத்தார். அந்தக் காலத்தின் பெரும்பாலான மருத்துவர்களைப் போலவே அவரும் இதை அழுகல் நோயாகக் கண்டார். அழுகலைப் புளிப்பு தடுக்கும். ஊறுகாய் கெடாமல் இருப்பது எல்லோரும் அறிந்ததுதானே. ஆகவே மருந்து ஏதோ ஒரு புளிப்பாக இருக்க வேண்டும். எந்தப் புளிப்பு என்பதே கேள்வி.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

1747 மே 20 அன்று, நடுக்கடலில், லிண்ட் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். நோய் நிலை இயன்றவரை ஒரே மாதிரி இருப்பவர்களாகப் பார்த்து எடுத்தார்: எல்லோருக்கும் அழுகிய ஈறு, புள்ளி, சோர்வு, முழங்கால் தளர்ச்சி. எல்லோரையும் கப்பலின் முன்புற அடித்தளத்தில், நோயாளிகளுக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்தில் படுக்க வைத்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. காலையில் சர்க்கரை போட்ட கஞ்சி. மதியம் பல நாள் ஆட்டுச் சூப்பு, மற்ற நாள் புட்டிங்கோ வேகவைத்த பிஸ்கட்டோ. இரவில் பார்லி, அரிசி, உலர்திராட்சை, ஜவ்வரிசி, ஒயின் போன்றவை.

இந்த மூன்று முடிவுகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிகழ்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காற்று வேறுபட்டால், "அவன் நல்ல காற்றில் படுத்தான், அதனால் தேறினான்" என்று ஒருவர் சொல்லலாம். சாப்பாடு வேறுபட்டால் சாப்பாட்டைச் சொல்லலாம். நோயின் கடுமை வேறுபட்டால் அதைச் சொல்லலாம். இந்த வாசல்களை முன்கூட்டியே அடைத்துவிட்டால், கடைசியில் தெரியும் வித்தியாசம் மருந்தின் வாசல் வழியாக மட்டுமே வந்திருக்க முடியும். லிண்ட் இதை ஒரு கோட்பாடாக எழுதி விளக்கவில்லை. செய்துவிட்டுப் போனார்.

பிறகு பன்னிரண்டு பேரையும் இரண்டிரண்டு பேராக ஆறாகப் பிரித்தார்.

முதல் இருவருக்குத் தினமும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் சைடர், அதாவது புளிக்கவைத்த ஆப்பிள் சாறு. அடுத்த இருவருக்கு 'விட்ரியால் எலிக்சர்', அதாவது சாராயமும் வாசனைப் பொருள்களும் கலந்த நீர்த்த கந்தக அமிலம். வெறும் வயிற்றில் நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 25 சொட்டு, கூடவே அதனாலேயே வாய் கொப்பளிப்பு. மூன்றாவது ஜோடிக்கு மூன்று வேளை இரண்டு கரண்டி வினிகர். கஞ்சியிலும் வினிகர், கொப்பளிப்பதிலும் வினிகர். நான்காவது ஜோடிக்கு நாளுக்குக் கால் லிட்டர் அளவில் கடல்நீர். ஐந்தாவது ஜோடிக்கு ஆளுக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும்.

ஆறாவது ஜோடிக்குக் கொடுத்தது நம் வீட்டு அலமாரியை ஞாபகப்படுத்தும்: பூண்டு, கடுகு, முள்ளங்கி வேர், பெரு பால்சம், வெள்ளைப்போளம் என்ற மரப்பிசின்கள் சேர்த்து இடித்த லேகியம், ஜாதிக்காய் அளவு உருட்டி மூன்று வேளை. மருத்துவமனை அறுவை வைத்தியர் ஒருவர் பரிந்துரைத்தது. குடிக்கத் தண்ணீருக்குப் பதில், புளி கரைத்துப் புளிப்பேற்றிய பார்லிக் கஞ்சித் தண்ணீர். புளிக் கஷாயத்தாலேயே இடையில் மூன்று நான்கு முறை பேதிக்கும் கொடுத்தார்கள். நம் ஊர்ப் புளி அன்று ஐரோப்பிய மருந்துப் பெட்டியில் இடம்பிடித்திருந்தது. இந்தச் சோதனையிலும் அதற்கு ஒரு முறை கிடைத்தது.

ஓர் இடத்தில் லிண்ட் தன் விதியைத் தானே மீறினார். கடல்நீர் கொடுத்த இருவரும்தான் பன்னிரண்டு பேரில் மிக மோசமானவர்கள். முழங்காலின் பின்னால் தசைநாண் இறுகிப்போயிருந்தது, மற்ற யாருக்கும் இல்லாத குறி அது. 'இயன்றவரை ஒரே மாதிரி' என்பது இந்த ஜோடியில் உடைந்துவிட்டது. கடல்நீர் பலிக்காமல் போனதற்கு நீர் காரணமா, நோயின் முற்றிய நிலை காரணமா என்று இந்தச் சோதனையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வான் ஹெல்மாண்ட் சொன்ன சீட்டுக் குலுக்கலைச் செய்திருந்தால் இந்தக் கோணல் பெரும்பாலும் வந்திருக்காது. அதே சமயம், மற்ற ஜோடிகளோடு இருந்த இந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதியவரும் லிண்ட்தான். அவர் எழுதியதால்தான் நாம் குறை சொல்ல முடிகிறது.

ஆறு நாளும் பதினான்கு நாளும்

பழம் ஆறு நாளில் தீர்ந்துவிட்டது. கப்பலில் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். மற்ற ஐந்து ஜோடிகளும் பதினான்கு நாள் முழுக்கத் தங்கள் மருந்தைத் தொடர்ந்தன.

பழம் கிடைத்த இருவரும் அதை ஆவலோடு தின்றார்கள் என்று லிண்ட் எழுதுகிறார். ஆறாம் நாள் முடிவில் அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலையில் இருந்தார். புள்ளிகள் முழுதும் மறையவில்லை, ஈறும் முற்றாக ஆறவில்லை. ஆனாலும் அதன்பின் கொப்பளிப்பு மருந்து தவிர வேறெதுவும் இல்லாமலேயே, ஜூன் 16 அன்று கப்பல் பிளிமத் சேர்வதற்குள் முழுதும் குணமடைந்தார். இரண்டாமவரும் நன்றாகத் தேறினார். எந்த அளவுக்கு என்றால், மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன் அதே இடத்தில், அதே நிலையில் படுத்துக் கிடந்தவர் இப்போது பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கிறார். பன்னிரண்டு பேரும் இதைப் பார்த்திருப்பார்கள். இதைவிடத் தெளிவான முடிவுப் பட்டியலை எழுத்தில் போட முடியாது.

சைடர் குடித்த இருவர் அடுத்த நிலை. அந்தச் சைடர் கொஞ்சம் காடியேறியதுதான். ஆனாலும் பதினான்காம் நாள் சோர்வு சற்றுத் தணிந்து பசி எடுத்திருந்தது. விட்ரியால் கொப்பளித்தவர்களின் வாய் மட்டும் சுத்தமாக இருந்தது. மற்றக் குறிகள் அப்படியே. வினிகர், கடல்நீர், லேகியம், புளி இவற்றால் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் இல்லை.

மாற்றம் இல்லை என்று எதோடு ஒப்பிட்டுச் சொன்னார்? இந்தப் பன்னிரண்டு பேருக்கு வெளியே, எப்போதாவது மலமிளக்கி தவிர வேறு மருந்து எதுவும் பெறாத மற்ற நோயாளிகளும் கப்பலில் இருந்தார்கள். பதினான்காம் நாள் இவர்களை அவர்களோடு சேர்த்துப் பார்த்தார். மருந்தே கொடுக்காதவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்தால்தான் மருந்து கொடுத்தவன் தேறினானா என்று சொல்ல முடியும். 1747-இல் இதை யோசித்துச் செய்திருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மரியாதையை ஏற்படுத்துகிறது.

ஜோடிக்கு இரண்டே பேர் போதுமா? பொதுவாகப் போதாது. தலைவலி மருந்தை இரண்டு பேரிடம் பார்த்து முடிவு கட்டினால் தவறாகவே முடியும். ஆனால் இங்கே நோய் தானாக நடுக்கடலில் குணமாவதில்லை, மருந்தின் விளைவோ மிகப் பெரியது. ஸ்கர்வி வராமல் தடுக்க நாளுக்குச் சுமார் 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். ஓர் ஆரஞ்சிலேயே அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. அதனால்தான் ஆறே நாளில், இரண்டே பேரிடம், கண்ணுக்குத் தெரிந்தது.

புளிப்பு விஷயத்துக்கு வருவோம். ஆறு மருந்துகளில் ஐந்தில் புளிப்பு இருந்தது: சைடர், கந்தக அமிலம், வினிகர், எலுமிச்சை, புளி. புளிப்புதான் மருந்து என்றால் ஐந்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வினிகரில் வைட்டமின் சி கிடையாது. புளியில் மிக மிகக் குறைவு. நாவுக்குப் புளியும் எலுமிச்சையும் உறவுக்காரர்கள். ஸ்கர்விக்கு முன்னால் அந்த உறவு செல்லாது. தான் நம்பிய கோட்பாட்டுக்கு எதிரான மிக வலுவான சான்று லிண்டின் கையிலேயே இருந்தது. புளிப்புகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை அவர் கவனித்தார். ஆனால் வியர்வைத் துளை, அழுகல் என்ற விளக்கத்தை விடவில்லை.

பிறகு எடுத்த முடிவுகள்

லிண்ட் 1748-இல் கடற்படையை விட்டு எடின்பரோ திரும்பி, பட்டம் பெற்று மருத்துவம் பார்த்தார். 1753-இல் ஸ்கர்வி பற்றிய தன் நூலை வெளியிட்டு, ஆன்சனுக்கே காணிக்கையாக்கினார். சில நூறு பக்கம் கொண்ட அந்த நூலில் சாலிஸ்பரிச் சோதனைக்குக் கிடைத்தது சில பத்திகள். மற்றப் பக்கங்களில் நோயின் காரணம் பற்றிய கோட்பாடும், அதுவரை ஸ்கர்வி பற்றி எழுதிய எல்லோருடைய கருத்தின் தொகுப்பும். தொகுப்பு மதிப்பு மிக்கதுதான். எழுதியவர்களில் பலர் ஒரு ஸ்கர்வி நோயாளியைக்கூடப் பார்க்காதவர்கள் என்பதை அதில் துணிந்து காட்டினார். இத்தனை எளிய பொருளால் இவ்வளவு கொடிய நோய் தீரும் என்று சிலரை நம்ப வைக்கவே முடியவில்லை, பகட்டான பெயர் கொண்ட எலிக்சராக இருந்தால் நம்பியிருப்பார்கள் என்றும் வருந்தி எழுதினார்.

அந்த வருத்தத்தை நான் முழுதும் ஏற்கிறேன். ஆனால் நூல் அடுத்து எடுத்த முடிவு பெரிய சேதத்தை உண்டாக்கியது.

பழம் கப்பலில் அழுகும். விலையும் அதிகம். ஆகவே சாற்றைப் பாகாக்கி வைக்கலாம் என்று லிண்ட் சொன்னார். வடிகட்டிய சாற்றை மெருகிட்ட மண்பாத்திரத்தில் ஊற்றி, கிட்டத்தட்டக் கொதிக்கும் நீரின் மேல் பல மணி நேரம் வைத்துச் சுண்ட விட வேண்டும். கெட்டியானதும் புட்டியில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வேண்டும்போது தண்ணீர் சேர்த்தால் பழையபடி சாறு. பார்க்க, முகர, சுவைக்கப் பழச்சாறு போலவே இருக்கும். ஆனால் திறந்த பாத்திரத்தில் பல மணி நேரச் சூட்டில் வைட்டமின் சி-யின் பெரும்பகுதி அழிந்துவிடும். புட்டியில் கிடக்கக் கிடக்க மிச்சமும் குறையும். பாகு கொடுத்தார்கள், பலன் சரியாகத் தெரியவில்லை. பழி எலுமிச்சையின் மேல் விழுந்தது.

பிறர் பரிந்துரைத்த ஆறு மருந்துகளை அருகருகே நிறுத்திப் பார்த்த மனிதர், தன் கையால் செய்த பாகைப் பழத்துக்கு அருகே நிறுத்திப் பார்க்கவில்லை. இந்த நிகழ்வில் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். ஒப்பிடும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தன் சொந்தச் சரக்கின்மேல் திருப்ப வேண்டும் என்று தோன்றவில்லை.

நாற்பத்தெட்டு ஆண்டுகள்

சோதனை நடந்தது 1747-இல். கடற்படை எலுமிச்சைச் சாறு வழங்க ஆணையிட்டது 1795-இல்.

இடையில் ஏழாண்டுப் போர் வந்தது, 1756 முதல் 1763 வரை. அந்தப் போருக்குக் கடற்படை திரட்டிய 1,84,899 பேரில் சண்டையில் மடிந்தவர்கள் 1,512 பேர். நோயில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 1,33,708 பேர். இதில் ஓடிப்போனவர்களும் உண்டு, மற்ற நோய்களும் உண்டு. ஆனாலும் ஸ்கர்வியின் பங்கு சிறிதல்ல.

கடலோடி ஜேம்ஸ் குக் 1768 முதல் மேற்கொண்ட பயணங்களை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்கர்வியை அவர் கப்பலில் அண்டவிடவில்லை என்ற புகழ் உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் அவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தார்: புளிக்கவைத்த முட்டைக்கோஸ், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கஷாயம், பழப்பாகு, கரை தொட்ட இடமெல்லாம் பறித்த கீரை, போதாததற்குக் கப்பலைச் சுத்தமாக, உலர்வாக வைத்திருத்தல். ஆட்கள் பிழைத்தார்கள், அதற்கு அவரை வாழ்த்த வேண்டும். எது பிழைக்க வைத்தது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த இடைவெளியில் கோட்பாடு நுழைந்தது. மால்ட் கஷாயம் உடலுக்குள் வாயுவை உண்டாக்கி அழுகலைத் தடுக்கும் என்ற கருத்து அப்போது செல்வாக்கோடு இருந்தது; 1776-இல் குக்குக்கு ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தபோது, சொசைட்டியின் தலைவர் ஜான் பிரிங்கிளும் அந்தப் பக்கமே நின்றார். மால்ட்டில் வைட்டமின் சி இல்லை எனலாம். சாலிஸ்பரியின் பன்னிரண்டு பேர் சொன்னதைவிட, ஒரு புகழ்பெற்ற பயணமும் ஒரு புகழ்பெற்ற சங்கத்தின் தலைவரும் சொன்னது உரக்கக் கேட்டது. "யார் சொல்லையும் அப்படியே ஏற்காதே" என்ற வாக்கியம் அதே சங்கத்தின் முத்திரையில்தான் இருந்தது.

கதவைத் திறந்தவர் கில்பர்ட் பிளேன். 1780 முதல் மேற்கிந்தியத் தீவுகளின் கடற்படை மருத்துவராக இருந்தபோது, ஒவ்வொரு கப்பலிலிருந்தும் மாதந்தோறும் நோய்க் கணக்கு வாங்கிப் பட்டியல் போட்டவர். எண்ணிக்கையை வைத்து மேலிடத்தோடு பேசினார். மேலிடத்தில் ஆட்களையும் தெரியும். சாற்றைச் சுண்டக் காய்ச்சாமல், கெடாதிருக்கச் சாராயம் கலந்து வைக்கும் வழக்கம் வந்தது.

அடுத்த காட்சி நம் கரையில். 1794 ஏப்ரலில் 'சஃபக்' என்ற போர்க்கப்பல், பீட்டர் ரெய்னியர் தலைமையில், இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. ஆளுக்குத் தினமும் ஏறத்தாழ 20 மில்லி எலுமிச்சைச் சாறு, சர்க்கரையோடு, வழக்கமான ரம் தண்ணீரில் கலந்து. கரையோடு தொடர்பே இல்லாமல் 23 வாரமும் ஒரு நாளும் கடலில் இருந்தார்கள். நடுவில் சிலருக்கு ஸ்கர்விக் குறி தென்பட்டது. சாற்றின் அளவைக் கூட்டினார்கள், மறைந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும், அலையைத் தாண்டி ஆட்களைக் கரை சேர்ப்பது மசூலாப் படகுகள்தான். அந்தச் செப்டம்பரில் சஃபக் நங்கூரமிட்டபோது ஒருவர்கூட இறந்திருக்கவில்லை. நோய்ப் பட்டியலில் 15 பேர், ஒருவருக்கும் ஸ்கர்வி இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிழக்கே பயணம் போன லங்காஸ்டரின் அனுபவம் மறுபடி நடந்தது. வேறுபாடு, இந்த முறை கணக்கு வைத்திருந்தார்கள், கணக்கைக் கேட்கும் கடற்படை மருத்துவ வாரியமும் இருந்தது. லிண்ட் அந்த ஆண்டு ஜூலையில் காலமாகியிருந்தார்.

அடுத்த ஆண்டு ஆணை வந்தது. சில ஆண்டுகளில் ஸ்கர்வி கடற்படை மருத்துவமனைகளில் அரிதான நோயாகிவிட்டது. காரணம் தெரிய இன்னும் வெகுகாலம் ஆனது; வைட்டமின் சி-யை அடையாளம் கண்டது 1932-இல்.

இன்று செய்தால் மாற வேண்டியவை

பன்னிரண்டு பேரிடமும் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. கடற்படை மாலுமிகள், பலர் கட்டாயமாகப் பிடித்துவரப்பட்டவர்கள். இன்று எந்த மருத்துவமனையிலும் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் இது தொடங்காது. பழம் வேலை செய்கிறது என்று ஆறாம் நாளே கண்ணுக்குத் தெரிந்தபின் வினிகர்க்காரர்களை மேலும் எட்டு நாள் வினிகரிலேயே வைத்திருந்தது இன்று பெரிய கேள்வி ஆகும். அன்று கப்பலில் பழம் தீர்ந்திருந்தது என்பது உண்மை.

யாருக்கு எது என்பதைச் சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும், வைத்தியரின் கண் அல்ல. கடல்நீர் ஜோடி அதற்குச் சாட்சி. பழம் ஆறு நாளும் மற்றவை பதினான்கு நாளும் என்ற ஏற்றத்தாழ்வும் கூடாது. இங்கே அது பழத்துக்கு எதிராகவே இருந்தது, அதையும் மீறிப் பழம் வென்றது என்பதால் முடிவு கெடவில்லை. முடிவைச் சில பத்திகளில் நடுவே புதைக்காமல் நூலின் முதல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், கோட்பாட்டை அதற்குப் பின்னால்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாகு. லிண்ட் 1758-இல் ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். 1783 வரை அங்கே இருந்தார். ஸ்கர்வி நோயாளிகள் நூற்றுக்கணக்கில் அவர் வார்டுக்கு வந்தார்கள். பழம் இருந்தது, பாகு இருந்தது, படுக்கையும் பதிவேடும் இருந்தன. ஆறு பேருக்குப் பழமும் ஆறு பேருக்குப் பாகும் கொடுத்து, ஒரே கூடத்தில், ஒரே கஞ்சி ஊற்றி, இரண்டு வாரம் பார்த்திருந்தால் போதும்.